உட்கார்ந்தே இறங்கிய மலை

ஒன்பதாம் வகுப்பில் எல்லாரையும்விட உயரமானவள் நான். கபடி அணியில் என் இடத்துக்குப் போட்டியே கிடையாது. துடியலூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் ஆர்.எஸ்.புரம் வந்து படித்தேன். கூட்டம் நெருக்கித் தள்ளும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று வருவது என் வழக்கம். கணக்கு மட்டும் எனக்கு வராது. மற்றபடி இந்த உலகத்தில் என்னால் முடியாத காரியம் ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கன்னியாகுமரிக்கு டூர் என்று பள்ளியில் அறிவித்தார்கள். விளையாட்டு டீச்சர் அதில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். கன்னியாகுமரிக்குக் கொஞ்சம் முன்னால் மருந்துவாழ் மலை இருக்கிறது. ராத்திரியெல்லாம் பஸ்ஸில் போய், விடிகிற நேரத்தில் அந்த மலையில் ஏறிவிட்டால், உச்சியிலிருந்து கடலைப் பார்க்கலாம். பிறகு கீழே இறங்கி ஊருக்குள் போகலாம். இதைக் கேட்டதும் வகுப்பே கூச்சல் போட்டது. கோயமுத்தூர்ப் பெண்களுக்கு மலை ஒன்றும் அதிசயமில்லை. மேற்கே திரும்பினால் மலைதான். கடலைத்தான் எங்களில் ஒன்றிரண்டு பேர் தவிர எல்லாரும் சினிமாவில் மட்டும் பார்த்திருந்தோம்.

என் பெஞ்சுத் தோழி கோட்டைமேட்டு முஸ்லிம் பெண். அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா பெரிய கடைவீதிப் பக்கம் பூட்டுக்கடை வைத்திருந்தார். கணக்கில் அவள் நூற்றுக்கு நூறு. ஓட்டம், தாண்டல் எதுவும் அவளுக்கு ஆகாது. ஆனால் எங்கே போனாலும் எது தேவைப்படும் என்று முன்னாலேயே யோசித்து எடுத்து வைத்துக்கொள்வாள். டூருக்கு அவள் கொண்டுவந்த பையில் தைலம், எலுமிச்சம்பழம், ஊசி நூல், ஒரு பெரிய வளையத்தில் கோத்த ஊக்குகள் எல்லாம் இருந்தன. "நீ என்ன கொண்டாந்தே?" என்று கேட்டாள். பொரியும் வேர்க்கடலையும் மட்டும்தான் நான் கொண்டுபோயிருந்தேன்.

புறப்படுகிற அன்று சாயந்திரம் எல்லாரும் பஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது ஒரு செய்தி வந்தது. விளையாட்டு டீச்சரின் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது, அவர் வரமாட்டார். அவருக்குப் பதிலாகக் கணக்கு டீச்சர் வருகிறார்.

கணக்கு டீச்சர் வராந்தாவில் நடந்து வருகிற செருப்புச் சத்தத்துக்கே வகுப்பு அடங்கிவிடும். கஞ்சி போட்ட காட்டன் சேலை, இறுக்கி முடிந்த கொண்டை, கையில் மடித்த குடை. அவர் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. கூட வருகிற இன்னொருவர் தமிழ் ஐயா. நல்ல மனிதர், ஆனால் முழங்கால் வலிக்காரர். மலை ஏறுகிற பேச்சையே அவர் எடுக்கமாட்டார். அவ்வளவுதான், மலை போச்சு என்று எல்லாரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். நான்தான் முன்னால் போய்க் கேட்டேன்.

"ஏனுங் டீச்சர், மலைக்குப் போறமுங்களா, இல்லீங்களா?"

அவர் என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"போறோம்னு உங்களுக்குச் சொல்லியிருக்குதல்ல? அப்பறம் என்ன கேள்வி? ஏறி உக்காரு."

பஸ்ஸில் டேப் ரெக்கார்டர் தாராபுரம் தாண்டும் வரை பாடியது. அதன்பிறகு டிரைவர் நிறுத்திவிட்டார். எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை. என்னை எழுப்பியது காற்று. பஸ் நின்றிருந்தது. ஜன்னல் கண்ணாடி தடதடவென்று ஆடியது. வெளியே இன்னும் இருட்டாக இருந்தது. அந்த இருட்டைவிடக் கறுப்பாக ஒரு மலை சாலையோரத்திலேயே எழுந்து நின்றது.

கால் வீங்கியவர்களும் வாந்தி எடுத்தவர்களும் தமிழ் ஐயாவோடு பஸ்ஸில் இருந்துகொண்டார்கள். மற்ற இருபது சொச்சம் பேரும் இறங்கினோம். கணக்கு டீச்சர் தன் டார்ச்சை என்னிடம் நீட்டினார்.

"நீ முன்னால போ. நான் கடைசில வாரேன். யாரும் என்னைத் தாண்டிப் பின்தங்கக்கூடாது. புரிஞ்சுதா?"

தலைமை தானாகவே என் கைக்கு வந்துவிட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. அது எனக்கு உரியதுதான் என்று நினைத்தேன்.

அடிவாரத்தில் படிகள் இருந்தன. இருபுறமும் தென்னந்தோப்பு காற்றில் இரைந்தது. படிகள் முடிந்த பிறகு பாறைகளுக்கு நடுவே ஒற்றையடித் தடம். அங்கங்கே பாறைமேல் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். மிதிபட்ட புல்லில் எலுமிச்சை வாசம் வந்தது. மலையின் மடிப்புக்குள் இருந்தவரை காற்று தலைக்கு மேலேதான் போனது. எல்லாரும் பேசிக்கொண்டே ஏறினோம். பின்னாலிருந்து டீச்சரின் குரல் அவ்வப்போது கேட்டது. "எல்லாரும் இருக்கீங்களா?" "இருக்கோமுங் டீச்சர்!" அவ்வளவுதான் அவர் பேசியது.

டார்ச் தேவையில்லாத அளவுக்கு வெளிச்சம் வந்தபோது தடம் ஒரு மொட்டைப் பாறையில் போய் முட்டியது. ஒரு வீட்டு மொட்டைமாடியைத் தூக்கிச் சரித்து வைத்தது போன்ற பாறை. பிடித்துக்கொள்ள மரமோ செடியோ இல்லை. இடதுபக்கம் பாறை அப்படியே வழுக்கிக்கொண்டு கீழே புதருக்குள் போனது. பாறைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் ஏறினால் உச்சி. அங்கே ஒரு சின்ன ஆஞ்சநேயர் கோயிலும் அதன்மேல் கிழிந்த கொடியும் தெரிந்தன.

பாறைமேல் காலை வைத்ததும் காற்று என்னை ஒரு தள்ளு தள்ளியது. ஆடித் தூறலோடு எங்கள் ஊருக்குள் வருகிற காற்று எனக்குப் பழக்கம். இது வேறு மாதிரி. ஒரே சீராக, விடாமல், ஆள் நின்று தள்ளுகிற மாதிரி தள்ளியது. வாயைத் திறந்தால் உள்ளே புகுந்து பேச்சை அடைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குனிந்துகொண்டே ஓடிக் கடந்தேன். எனக்குப் பின்னால் மற்றவர்களும் தாவணியை இடுப்பில் சொருகிக்கொண்டு, ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். என் தோழி உட்கார்ந்து, தவழ்ந்து, கடைசியாக வந்தாள்.

கோயில் சுவர் ஓரமாகப் போய் நின்றோம். கீழே தோப்புகள், வயல்கள், குளங்கள். அதற்கப்பால் நீலமாக ஒரு பட்டை கிடந்தது.

"மேகம் எவ்வளவு கீழ எறங்கியிருக்குது பாரு" என்றேன்.

"மேகமில்ல புள்ள" என்றாள் என் தோழி. "அதான் கடலு."

அந்த ஒரு சொல்லில் எல்லாரும் அந்தப் பக்கமே திரும்பினோம். நான் நினைத்து வைத்திருந்த கடல் அலையும் இரைச்சலுமாக இருக்கும். இது சத்தமே இல்லாமல், கண்ணுக்கு எட்டியவரை, ஒரு மூலையிலும் முடியாமல் கிடந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோமோ தெரியாது. பிறகு என் தோழி என் கையை இழுத்தாள்.

"டீச்சர் எங்க?"

திரும்பிப் பார்த்தேன். கூட்டத்தில் அவர் இல்லை. "எல்லாரும் இருக்கீங்களா" என்ற குரல் கொஞ்ச நேரமாகவே கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "யாரும் எடத்த உட்டு அசையக்கூடாது" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் பாறைக்கு ஓடினோம்.

டீச்சர் பாறையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் பாறைமேல் அழுத்தியிருந்தார். கண்கள் மூடியிருந்தன. கொண்டை அவிழ்ந்து கூந்தல் முகத்தில் அடித்தது. சேலைத் தலைப்பு படபடவென்று பின்னால் பறந்தது. குடையைக் காணவில்லை.

அடிபட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்துகொண்டே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"டீச்சர், கால் கீது சுளுக்கிக்கிச்சுங்களா?"

கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை.

"நீங்க மேலயே இருங்க" என்றார். வகுப்பில் பேசுகிற அதே கண்டிப்பான குரல்தான். "நான் இங்க சித்தெ இருந்துட்டு வாரேன்."

ஆனால் அவர் வரப்போவதில்லை என்பது தெரிந்தது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. கரும்பலகை முன்னால் என்னை நிற்க வைத்து நடுங்கவைத்தவர் இவர். இவருக்குப் பயம் வரும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் அதை நினைத்துச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. இவரை இங்கிருந்து எப்படி நகர்த்துவது என்று மட்டும்தான் மனசு கணக்குப் போட்டது.

"டீச்சர்" என்றேன், காற்றுக்கு மேல் கேட்கிற மாதிரி. "பாறைக்கு அந்தப் பக்கம் மேல போறதும் இந்தப் பக்கம் கீழ போறதும் ஒரே தூரந்தானுங்க. எந்தப் பக்கம் போலாமுங்க?"

அவர் உள்ளங்கைகளை இன்னும் அழுத்திக்கொண்டார்.

"கீழயே போயரலாமுங்க. நான் கூட்டியாறேன்."

அப்போது கண்ணைத் திறந்தார். என்னைத்தான் பார்த்தார், பாறையை அல்ல.

"புள்ளைங்க மேல தனியா நிக்குதுங்களா?"

"ஆமாங் டீச்சர்."

"அப்ப மேல போகோணும்." எழப் பார்த்தார். "எந்திரிக்கத்தான் முடியல கண்ணு. கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்குது."

கணக்கு டீச்சர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எந்திரிக்கவே வேண்டாமுங்க" என்றேன். "தவந்து போலாம். எங்கூட்டுத் தம்பி போற மாதிரி."

என் தோழி அதற்குள் தன் பைக்குள் கையை விட்டு ஊக்கு வளையத்தை எடுத்திருந்தாள். டீச்சரின் தலைப்பைச் சுருட்டி இடுப்பில் இறுக்கிக் குத்தினாள். கொசுவத்தைத் தூக்கிச் சொருகிவிட்டாள். கூந்தலை ஒரு கையால் அள்ளி முடிந்து அதிலும் இரண்டு ஊக்கைக் குத்தினாள். "இப்ப எதுவும் படபடன்னு அடிக்காதுங் டீச்சர்" என்றாள். உண்மையில் அந்தப் படபடப்பு நின்றதுமே டீச்சரின் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் அவருடைய செருப்பைக் கழற்றி என் தாவணி முனையில் முடிந்துகொண்டேன். வெறுங்கால் பாறையில் நன்றாகப் பிடிக்கும்.

நான் அவருக்கு இடதுபக்கம், சரிவை மறைத்தபடி நகர்ந்தேன். தோழி பின்னால் வந்தாள்.

"எம் மொகத்தப் பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க. வலது கை வைங்க. அவ்வளவுதானுங்க. இப்ப முட்டி. நல்லா வாரீங்க."

கபடியில் எங்கள் விளையாட்டு டீச்சர் எனக்குக் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற மாதிரி நான் கத்திக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பெரும் காற்று வந்தது. மூன்று பேரும் பாறையோடு ஒட்டிப் படுத்துவிட்டோம். டீச்சரின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தப் பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. "நான் உங்கள உடமாட்டனுங்க" என்றேன். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை. அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. செய்யவேண்டிய வேலை இருந்ததால் பயப்பட நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் மண்ணில் கால் வைத்ததும் டீச்சர் எழுந்து நின்றார். முதல் வேலையாகக் கோயில் சுவரோரம் நின்ற பெண்களை ஒவ்வொருவராக விரல் நீட்டி எண்ணினார். எல்லாரும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். நான் பொரிப் பொட்டலத்தைப் பிரித்தேன். பாதிப் பொரியைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விட்டது. மீதியை உள்ளங்கையில் மூடி மூடித் தின்றோம். டீச்சருக்கும் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

சூரியன் அதற்குள் மேலே வந்து, அந்த நீலப் பட்டை வெள்ளித் தகடாக மாறியிருந்தது. டீச்சர் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல முன்னால பாத்தவங்க யாரு?" என்று கேட்டார்.

ஒன்றிரண்டு கைகள் உயர்ந்தன.

"நானும் பாத்ததில்ல" என்றார். "படிச்சது கோயமுத்தூரு, கட்டிக்குடுத்தது பொள்ளாச்சி, வேலையும் இங்கயே. டூருக்கு ஆள் வேணும்னு சொன்னப்ப அதுக்குத்தான் நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

நாங்கள் வாயைப் பிளந்தோம். தலைமையாசிரியை கட்டாயப்படுத்தி அனுப்பினார் என்றுதான் நினைத்திருந்தோம்.

இறங்குகிற நேரம் வந்தது. ஏறும்போதாவது பார்வை மேலே இருந்தது. இறங்கும்போது சரிவு முழுவதும் கண்ணுக்கு நேராகத் தெரியும். டீச்சரின் முகம் மறுபடி வெளிறுவதைப் பார்த்தேன். அவரை மட்டும் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போனால், இத்தனை பேர் முன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? சட்டென்று ஒரு யோசனை வந்தது. எல்லாரையும் பார்த்து உரக்கச் சொன்னேன்.

"காத்து ரொம்ப அடிக்குது. யாரும் நடந்து எறங்கக்கூடாது. எல்லாரும் வரிசையா உக்காந்து, முன்னால இருக்கறவ தோளப் புடிச்சுக்கிட்டு, உக்காந்தே எறங்கோணும்."

"பாவாடை கிழிஞ்சுபோகும்" என்று ஒருத்தி முனகினாள். நன்றாக நடந்து கடந்தவள்தான்.

"கிழிஞ்சா தெச்சுக்கலாம். உக்காரு."

உட்கார்ந்தாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் முன்னால், எனக்குப் பின்னால் டீச்சர், அவருக்குப் பின்னால் என் தோழி, அப்புறம் மற்றவர்கள். டீச்சரின் இரண்டு கைகளும் என் தோளில் அழுந்தின. காலை ஊன்றி, உடம்பை நகர்த்தி, மறுபடி காலை ஊன்றி, மொத்த வரிசையும் மரவட்டை போல இறங்கியது. பாதி வழியில் யாரோ ரயில் மாதிரிக் கூவினாள். உடனே எல்லாரும் கூவ ஆரம்பித்தார்கள். என் காதுக்குப் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. டீச்சர் அழுகிறாரோ என்று பயந்து திரும்பினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது, ஆனால் சிரிப்புத்தான்.

அடிவாரத்தில் தமிழ் ஐயா டீக்கடை பெஞ்சில் காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னம்மா இது, அத்தனை பேரும் மண்ணுல பொரண்டு வந்தாப்பல வாரீங்க?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காற்று, வழுக்கல் என்று நான் எதையோ தொடங்கினேன். டீச்சர் என் தோளில் கை வைத்து நிறுத்தினார்.

"நான் பாறை மேல பயந்து உக்காந்துபோட்டேனுங்க ஐயா. இந்தப் புள்ளைங்க ரெண்டும்தான் என்னை மேல கொண்டுபோய், கீழயும் கொண்டாந்து சேத்துனாங்க. எனக்காகத்தான் எல்லாரும் உக்காந்துக்கிட்டு எறங்கினாங்க."

எதற்காக அப்படி இறங்கச் சொன்னேன் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஐயா எங்கள் இரண்டு பேருக்கும் டீ சொன்னார். டம்ளரை வாங்கியபோதுதான் உடைந்த வளையல் என் மணிக்கட்டைக் கீறியிருந்ததைக் கவனித்தேன். தோழியும் கவனித்தாள். உடனே பையிலிருந்து தைலத்தை எடுத்து நீட்டினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

பள்ளி திறந்த பிறகு கணக்கு டீச்சர் எனக்கு எந்தச் சலுகையும் காட்டவில்லை. காலாண்டுக் கணக்குத் தாளைக் கொடுத்தபோது மற்றவர்களைத் திட்டிய அளவுக்கு என்னையும் திட்டினார். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் வகுப்பு முன்போலவே அடங்கியது. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நான் பயப்படுவது நின்றுபோயிற்று. புரியாததைப் புரியவில்லை என்று எழுந்து நின்று சொல்ல ஆரம்பித்தேன். அவரும் மறுபடி சொல்லிக்கொடுத்தார். வருஷக் கடைசியில் கணக்கில் கௌரவமாகவே தேறினேன்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளி விட்டதும் என்னையும் என் தோழியையும் ஆசிரியர் அறைக்கு வரச்சொன்னார்.

"நாளைக்கு உங்களுக்கு வேலை இருக்குதா?"

"இல்லீங் டீச்சர்."

"மருதமலைக்கு நடந்து ஏறலாம்னு பாக்கறேன். ஊட்டுல கேட்டுப்போட்டு வாங்க. நானும் வேணும்னா வந்து சொல்றேன்."

மறுநாள் காலையில் அடிவாரத்தில் அவரைப் பார்த்து நாங்கள் திகைத்துப்போனோம். கஞ்சி போட்ட சேலைதான், ஆனால் காலில் புத்தம்புது கேன்வாஸ் ஷூ. தலைப்பைத் தானே இடுப்பில் ஊக்குப் போட்டு இறுக்கியிருந்தார். கோயிலுக்கு வந்த கூட்டம் அந்த ஷூவை வேடிக்கை பார்த்தது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை. படிகளில் எங்கேயும் உட்காராமல் ஏறினார். வழியில் ஒரு வளைவில் மரங்கள் விலகி ஊர் முழுக்கக் கீழே தெரிந்தது. அங்கே நின்றார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எட்டிப் பார்த்தார். தோழி அவருக்குப் பின்னால் போய் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் சுவரிலிருந்து ஒரு கையை எடுத்தார். பிறகு இன்னொரு கையையும் எடுத்தார். காற்று சுமாராக அடித்தது.

டீச்சரும் நானும் சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். தோழி எங்களுக்காகக் கடையோரம் ஷூவுக்கும் செருப்புக்கும் காவல் இருந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டோம். ஷூக் கயிற்றை இறுக்கிக்கொண்டே டீச்சர் சொன்னார்.

"இங்க படி கட்டி, சுவரும் வெச்சுப்போட்டாங்க. இது பரவால்ல. படியில்லாத மலை பக்கத்துல எங்க இருக்குதுன்னு விசாரிச்சு வை கண்ணு."

நான் விசாரித்துச் சொன்னேன். மாசி பிறந்ததும் மூன்று பேரும் அங்கே போனோம்.